முதல் பாதிக்கு ஒரு தேசிக்காய்

போன மாதம் ஆர்த்தி தொலைபேசி எடுத்தாள். ஓஸ்டர்முண்டிகனில் நான் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்த பாடசாலை விளையாட்டுக் கூடத்துக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. நான் ஓய்வு பெற்றபின் அந்தப் பக்கம் போவது குறைவு.

"மாமா, கூடத்தின்ர தரையைக் கழட்டுறாங்கள். புதுசு போடப் போறாங்கள்."

"நல்லது பிள்ளை. அதுக்கு என்னை ஏன் தேடுறாய்?"

"இடது பக்கக் கோலுக்குக் கிட்ட ஒரு பழைய குழி இருக்கெல்லோ, மூடியைப் பசை போட்டு ஒட்டினது? அதை உடைச்சுத் திறந்தாங்கள். உள்ளுக்குள்ள ஒரு சாமான் கிடக்கு. கறுப்பா, காய்ஞ்சு, கல்லு மாதிரி. மூடியின்ர உள்பக்கத்தில ஒரு லேபிள். அதில உங்கட பேர் கிடக்கு. எறியட்டோ?"

"எறியாதை! வாறன்."

அந்தச் சாமான் என்னவென்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அது எப்படி அங்கே வந்தது என்பதுதான் விளங்கவில்லை. அந்தக் குழிக்குள் நான் வைத்தவை எல்லாவற்றையும் என் கையாலேயே எடுத்தவன் நான். பேருந்தில் போகும்போது பிள்ளையாரை நினைத்துக்கொண்டு பழையதை எல்லாம் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். அதைத்தான் எழுதுகிறேன். எனக்குப் பெரிய படிப்பில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இந்த நாட்டுக்கு வந்து துன் நகரில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினேன். பிறகு அலுவலகங்கள் துப்புரவாக்கினேன். பிறகு இந்தப் பாடசாலையில் அப்வார்டுக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். அப்வார்ட் என்றால் கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர். சூட்டு இயந்திரம் முதல் கழிவறைக் கடதாசி வரை அவர் பொறுப்பு. தொழில் பழகிய கதை இவ்வளவுதான். மிச்சம் எல்லாம் ஹெர் மோசர்.

ஹெர் மோசர், அதாவது திரு மோசர், என் மேலாளர். உயரமானவர், மெல்லியவர். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. ஏதாவது பிழை கண்டால் முழங்காலில் இருந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அந்தப் பிழையைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். அந்தப் பார்வையிலேயே நமக்கு வேர்த்துவிடும். அவரிடம் லேபிள் அடிக்கும் சின்ன இயந்திரம் ஒன்று இருந்தது. வாளியில் 'வாளி' என்று ஒட்டியிருப்பார். பிள்ளைகள் தவறவிட்ட சாமான்களையும் எறியமாட்டார். 'சொக்ஸ், இடது, நீலம்' என்று ஒட்டித் தட்டில் வைப்பார். "மற்றவருடைய பொருளை எறிய எனக்கு உரிமை இல்லை, ஹெர் செல்வா" என்பார். செல்வநாயகம் என்ற என் பெயர் அவர் வாயில் அவ்வளவுக்குத்தான் நின்றது.

துப்புரவுச் சாமான் அலுமாரிக்குள் நான் ஒரு சின்னப் பிள்ளையார் படம் வைத்திருந்தேன். காலையில் திருநீறு பூசிக் கும்பிட்டுவிட்டுத்தான் துடைப்பத்தைத் தொடுவேன். ஒருநாள் ஹெர் மோசர் கண்டுவிட்டார். "இது என்ன?" என்றார். "கடவுள்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த நாள் படத்துக்குக் கீழே லேபிள் இருந்தது: 'கடவுள் (ஹெர் செல்வா)'.

சுவரில் வேலைப் பட்டியல் ஒன்று தொங்கும். ஒவ்வொரு வேலைக்கும் நேரே இரண்டு பெயர். முதல் பெயர் செய்பவர். இரண்டாவது, அவர் வராவிட்டால் அதைச் செய்யும் பதிலாள். பதிலாள் இல்லாத வேலை என்று ஹெர் மோசரின் உலகத்தில் ஒன்றுமே கிடையாது.

2009இல், இலை உதிரும் காலம், என் மனைவி மலரின் தம்பி நேசன் சாப்பாட்டுக்கு வந்தான். துன்னில் ஒரு ஹோட்டலில் சமையல்காரன். சோற்றைக் குழைத்துக்கொண்டே சொன்னான்:

"அத்தான், ஒரு கழகம் துவங்கியிருக்கிறம். உள்ளரங்க உதைபந்தாட்டம். ஆக அடிமட்ட லீக். நான்தான் கப்டன், கோல்காப்பாளரும் நான்தான்."

"உனக்கு நாற்பது வயசெல்லோடா?" என்றாள் மலர்.

"முப்பத்தொன்பது. அக்கா, நீ பேசாமல் கறியைப் போடு. அத்தான், கூடம் வேணும். உங்கட ஹெர் மோசரிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ."

கழகத்தின் பெயர் 'ஓஸ்டர்முண்டிகன் தமிழ் இளைஞர் முன்னேற்ற உள்ளரங்க உதைபந்தாட்டக் கழகம்'. அந்தப் பெயருக்கு மூன்று கூட்டம் நடந்ததாம். பயிற்சிக்கு ஒரு கூட்டமும் நடக்கவில்லை. இளைஞர்களில் ஆக இளையவருக்கு வயது முப்பத்து நான்கு. கூடத்தின் புள்ளிப் பலகையில் அந்தப் பெயர் அடங்காததால் கடைசிவரை 'வீட்டுக்காரர்' என்றே விளையாடினார்கள்.

நான் கேட்க யோசித்தேன். காரணம் சாவி. ஹெர் மோசர் சில வருடத்தில் ஓய்வு பெறப் போகிறார். அதற்கு முன் கூடத்தின் முழுச் சாவியை உதவியாளர் இருவரில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டும். ஒருவன் நான், மற்றவன் போர்த்துக்கல்காரன் மனுவேல். சாவி கிடைத்தவனுக்கு நிரந்தர வேலை. கிடைக்காதவனின் ஒப்பந்தம் 2011 கோடையோடு முடிந்துவிடும். எனக்கு அப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. திரும்பவும் ஹோட்டல் தொட்டியில் கைவைக்க வேண்டிவருமோ என்று தினமும் பயந்துகொண்டிருந்தேன்.

ஆனால் மனைவியின் தம்பி கேட்டால் மறுக்க முடியுமா? ஹெர் மோசர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "இவர்களுக்கு நீங்கள் பொறுப்பா?" என்றார். "ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கியது.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஹெர் மோசர் வாசலில் நின்றார். கையில் வெள்ளைக் கடதாசி. ஒவ்வொருவரும் குதிரை லாடம் பார்ப்பதுபோலக் காலைத் தூக்கிக் காட்ட வேண்டும். சப்பாத்தின் அடியைக் கடதாசியில் தேய்ப்பார். கறுப்புக் கோடு விழுந்தால் உள்ளே போக முடியாது; தரையில் அடையாளம் விழுமாம். பதினொரு பேரில் எட்டுப் பேர் தோற்றார்கள். அந்த எட்டுப் பேரும் சொக்ஸோடு விளையாடினார்கள். பந்துக்குப் பின்னால் போனவர்கள் நிற்க முடியாமல் சுவர்வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனார்கள். பதினொன்றுக்குப் பூச்சியம்.

"பழக்கமில்லாத தரை" என்றான் நேசன். அடுத்த ஆட்டத்துக்கு எல்லோருக்கும் வெள்ளை அடிச் சப்பாத்து. பதினான்குக்கு இரண்டு. "பழக்கமில்லாத சப்பாத்து" என்றான்.

எனக்குத் தாங்கவில்லை. புது வாகனம் வாங்கினால் சில்லுக்குக் கீழ் தேசிக்காய் வைத்து ஓட்டுகிறோம். தேசிக்காய் என்று நாங்கள் சொல்வது எலுமிச்சம்பழத்தைத்தான். கண்ணூறு, அதாவது கண் திருஷ்டி, கழிய வேண்டும். இந்தக் கழகத்துக்கு அப்படி ஒன்றும் செய்யவில்லையே என்று எனக்குப் பட்டது. கூடத்தின் இரு முனையிலும் கோலுக்குப் பக்கத்தில் தரையில் ஒவ்வொரு குழி இருந்தது. ஒரு காலத்தில் ஏதோ உடற்பயிற்சிக் கம்பம் நட்ட இடம். பாதிவரை சிமெந்தால் அடைத்து, தரைமட்டத்துக்கு வட்ட மூடி போட்டிருந்தார்கள். ஒரு சின்னத் தேசிக்காய் அடங்கும் ஆழம். ஞாயிறு காலை கூடம் திறந்ததும் எங்கள் பக்கக் குழிக்குள் திருநீறு பூசிய தேசிக்காய் ஒன்றை வைத்து மூடினேன்.

அன்று முதல் பாதி மூன்றுக்குப் பூச்சியம், எங்களுக்கு! நேசன் ஒரு கோலும் விடவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டாம் பாதியில் நாங்கள் ஒரு கோலும் அடிக்கவில்லை. அவர்கள் நான்கு அடித்தார்கள். வீட்டுக்குப் போய்ச் சோற்றின் முன்னால் இருக்கும்போதுதான் விளங்கியது. இடைவேளையில் இரு அணியும் பக்கம் மாறுகிறார்கள். தேசிக்காய் மாறவில்லை. இரண்டாம் பாதி முழுக்க அது எதிரிகளின் கோலைக் காத்திருக்கிறது!

சரி என்று அடுத்த முறை இரண்டு குழியிலும் வைத்தேன். ஆட்டம் பூச்சியத்துக்குப் பூச்சியம். உள்ளரங்க ஆட்டத்தில் இப்படி ஒன்றைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று நடுவர் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஆகவே தேசிக்காய் ஒன்றுதான் இருக்க வேண்டும். இடைவேளையில் இடம் மாற வேண்டும். நான் கூட உதவியாள். இடைவேளையில் தரையில் சிந்திய வேர்வையைத் துடைக்க உள்ளே போவது என் வேலை. துடைப்பத்தோடு போவேன், குனிந்து மூடியை நெம்புவேன், பழத்தை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் போடுவேன், மறுமுனைக்குத் துடைத்துக்கொண்டே போய் அங்கே வைப்பேன். சில வெற்றிகள் வந்தன. நேசன் ஒருநாள் கண்டுபிடித்துவிட்டான்.

"அத்தான், பொக்கற்றில என்ன வீங்கிக் கிடக்கு?"

சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினான். அதன்பின் துடைப்பத்தோடு நான் உள்ளே வந்தால் பதினொரு இளைஞர்களும் எழும்பி நிற்பார்கள். ஹெர் மோசர் இதைப் பார்த்து, "உங்கள் சமூகத்தில் துப்புரவுப் பணிக்கு நல்ல மரியாதை" என்றார்.

இரண்டாவது குளிர்காலத்தில்தான் வினை வந்தது. முதலாவது இடத்துக்கு வர எங்களுக்கு ஒரேயொரு வெற்றி தேவை. அன்றைக்குப் பார்த்துக் கடையில் சின்னத் தேசிக்காய் இல்லை. மலர் இத்தாலியிலிருந்து வந்த பெரிய மஞ்சள் பழம் ஒன்று வாங்கி வந்தாள். முதல் பாதியில் ஒருமாதிரி அழுத்தி மூடினேன். இடைவேளையில் அவசரம், மூடி சரியாக இருக்கவில்லை. காலால் ஒரு மிதி மிதித்துவிட்டு வந்துவிட்டேன்.

நான்குக்கு மூன்று, எங்களுக்கு. கடைசி நிமிடம். எதிரணியில் தபால்காரர் ஒருவர், நல்ல ஆட்டக்காரர். நேசன் விழுந்து கிடக்கிறான், கோல் திறந்து கிடக்கிறது, தபால்காரர் ஓடி வருகிறார். கோலுக்கு இரண்டு அடியில் அவருடைய கால் எதிலோ தட்டுப்பட்டு, மனிதர் பறந்து வலைக்குள் விழுந்தார். பந்து வெளியே போனது. விசில். எங்கள் ஆட்கள் கூத்தாடினார்கள். தபால்காரர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அவர் தட்டுப்பட்டது என்ன என்று எனக்கு மட்டும் தெரியும். எல்லோரும் போனபின் பழத்தை எடுத்துவிட்டு மூடியைச் சரியாகப் போட்டேன். பிள்ளையாரே, நான் விழுத்தினேன் அந்த மனிசனை என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை காலையே அந்தக் கழகத்தின் ஆள் ஒருவர் கடிதம் கொண்டுவந்து கொடுத்தார். ஹெர் மோசர் மனுவேலையும் என்னையும் கூடத்துக்குக் கூப்பிட்டார். முழங்காலில் இருந்தார். மூடியின் மேல் இரும்பு அளவுகோலை வைத்து ஒளி தெரிகிறதா என்று பார்த்தார். தெரியவில்லை. மூடியைத் திறந்தார். குழிக்குள் மூக்கை விட்டார். நெடுநேரம் அப்படியே இருந்தார்.

"எலுமிச்சை மணம்" என்றார்.

பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். குழிகளைக் கடைசியாகத் துப்புரவாக்கியது சனிக்கிழமை, மனுவேல். "எலுமிச்சை மணமுள்ள திரவம் இந்தத் தரைக்குத் தடை. வழுக்கும். எழுத்தில் கொடுத்திருக்கிறேன், மனுவேல்."

மனுவேல் மாதாமேல் சத்தியம் பண்ணினான். அவனுக்கு மூன்று பிள்ளைகள். முகம் சிவந்து, பாதி போர்த்துக்கல் மொழியில் கத்தினான். ஹெர் மோசர் பேசாமல் பேனையைத் திறந்தார். அவன் பெயரை எழுதிவிட்டால் சாவி எனக்குத்தான். நான் வாயைத் திறக்கக்கூட வேண்டியதில்லை. உண்மையைச் சொல்கிறேன், மூன்று மூச்சு விடும் நேரம் நான் பேசாமல்தான் நின்றேன். காலையில் பூசிய திருநீறு நெற்றியில் சுட்டது.

"ஹெர் மோசர், அது திரவம் இல்லை. பழம்" என்றேன்.

அவர் மெதுவாகத் திரும்பினார். "என்ன பழம்?"

சொன்னேன். எனக்குத் தெரிந்த ஜெர்மன் அவ்வளவும் அன்று செலவாகியது. அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்.

"எத்தனை பழம்?"

"ஒன்று."

"நோக்கம்?"

கண்ணூறுக்கு ஜெர்மன் சொல் எனக்குத் தெரியாது. "கெட்ட கண்ணுக்கு எதிராக" என்றேன். 'நோக்கம்: கண்' என்று எழுதினார்.

"இடைவேளையில் ஏன் திறந்தீர்கள்?"

"அணிகள் பக்கம் மாறும். பழமும் மாற வேண்டும்."

பேனை நின்றது. கூரையைப் பார்த்து யோசித்தார். "முறைப்படி சரி" என்றார். அதையும் எழுதினார். மனுவேல் என்னை வாய்பிளந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு ஹெர் மோசர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். நடந்ததை அந்தக் கழகத்துக்கும் லீக்குக்கும் எழுத வேண்டும். மறு ஆட்டம் வைத்தால் நான் அன்று கூடத்துக்குள் வரக்கூடாது. ஆட்டம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை எந்த மூடியையும் எவரும் திறக்கக்கூடாது. இது புது விதி, இன்றே சுவரில் ஒட்டப்படும். சாவியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கேட்கவும் எனக்கு முகமில்லை.

அன்று மாலை நேசன் வீட்டுக்கு வந்து குதித்தான்.

"அத்தான், உலகத்தில மனிசர் கள்ளத்தைச் செய்துபோட்டு மறைப்பினம். நீங்கள் நல்லதைச் செய்துபோட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறியள்!"

"உனக்குத் தபால்காரனை விழுத்தின வெற்றியோடா வேணும்?" என்றாள் மலர். "அந்தாளுக்கு ஒரு கிழமைக்கு வேலைக்குப் போகேலாதாம்."

"அவர் விழுந்தது தேசிக்காயின்ர சக்தி, அக்கா!"

"அது மூடியின்ர சக்தி. கோப்பையைக் கழுவிப்போட்டுப் போ."

மறு ஆட்டம் வைத்தார்கள். நான் வெளியே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் பனிக்குள் நின்றேன். தேசிக்காய் இல்லை, நான் இல்லை; என் வேலைகளை எல்லாம் பட்டியலின்படி பதிலாள் செய்வார். உள்ளே சத்தம் கேட்டது. இடைவேளையில் ஒரு ஆட்டக்காரர் வேர்வையோடு ஓடி வந்தார்.

"அண்ணை! ரெண்டுக்குப் பூச்சியம்! தேசிக்காய் இல்லாமலே! நேசன் சுவர் மாதிரி நிக்கிறான்!"

நான் அழுதுவிட்டேன். என் பழம் ஒன்றும் தேவைப்படவில்லை, இவர்கள் உண்மையிலேயே விளையாடப் பழகிவிட்டார்கள் என்று ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன்.

இரண்டாம் பாதியில் ஒன்பது கோல் வாங்கினார்கள். ஒன்றும் அடிக்கவில்லை.

கழகம் உடைமாற்றும் அறையிலேயே கலைந்தது. கலைக்கும் கடிதத்தில் பதினொரு பேரும் கையெழுத்திட வேண்டும். கழகத்தின் பெயரை எழுதவே முதல் இரண்டு வரி போய்விட்டது. ஒன்றரைக் குளிர்காலம்தான் அதன் ஆயுள். நேசன் என்னோடு ஒரு வருடம் கதைக்கவில்லை. அதன்பின் எந்தக் கலியாண வீட்டிலும் அவன் சொல்லும் கதை ஒன்றுதான்: "ஒரு பாதி, முழுசா ஒரு பாதி, தேசிக்காய் இல்லாமல், ஒரு கோலும் விடேல்லை நான்!"

அந்தக் கிழமையே ஹெர் மோசர் இரண்டு மூடிகளையும் பசை போட்டு ஒட்டினார். ஒட்டும்போது என்னைக் கிட்ட வரவிடவில்லை. அது எனக்குப் பெரிய வெட்கம். என் சாமியையும் என்னையும் சேர்த்து அடைத்துவிட்டார் என்றே நினைத்தேன். கோடையில் என் பெட்டியில் ஒரு உறை இருந்தது. உள்ளே சாவி. லேபிளில் 'ஹெர் செல்வா', வேறொன்றும் இல்லை. மனுவேலுக்குப் பக்கத்துப் பாடசாலையில் இடம் பிடித்துக் கொடுத்திருந்தார். காரணத்தை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இவ்வளவையும் நினைத்துக்கொண்டு கூடத்துக்குள் போனேன். தரை இல்லாத கூடம், வெறும் சிமெந்து. ஆர்த்தி மூடியைத் திருப்பிக் காட்டினாள். மங்கிப்போன லேபிளை எழுத்துக் கூட்டி வாசித்தேன்:

'எலுமிச்சை (ஹெர் செல்வா). முதல் பாதி. பதிலாள்: மோசர்.'

"என்ன மாமா, அழுறியளோ?"

"தூசு பிள்ளை."

அன்றே நேசனுக்குச் சொன்னேன். அவனுடைய பெருமைக் கதையை உடைக்கிறோமே என்று மனம் பதைத்தது. அவன் தொலைபேசியில் கத்தினான்.

"அப்ப ரெண்டாம் பாதி தேசிக்காய் அவங்கட கோலுக்கெல்லோ காவல் நிண்டிருக்கு! பாத்தியளோ அத்தான்! நாங்கள் தோத்தது எங்கட பிழையே இல்லை!"

தேசிக்காய் கோலைக் காக்குமே தவிர கோல் அடிக்காது, ஒன்பதையும் விட்டது நீதான் என்று சொல்ல வாய் உன்னியது. சொல்லவில்லை. அவன் சந்தோசமாக இருந்தான்.

ஹெர் மோசர் துன்னில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அடுத்த ஞாயிறு காய்ந்த தேசிக்காயையும் மூடியையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். ஏரியைப் பார்த்தபடி கதிரையில் இருந்தார். மேசையில் 'கண்ணாடி' என்று லேபிள் ஒட்டிய கண்ணாடிக்கூடு. மூடியை மடியில் வைத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"பசை நல்ல பசை" என்றார்.

"ஹெர் மோசர், நீங்கள் இதை நம்பினீர்களா?"

"இல்லை."

"பிறகு ஏன் வைத்தீர்கள்?"

இதுகூடத் தெரியாதா என்பதுபோலப் பார்த்தார். "நீங்கள் அன்று உள்ளே வரவில்லை. ஆட்ட நாளில் உங்கள் வேலைகளின் பட்டியல் என்னிடம் இருந்தது. உங்களுக்குப் பதிலாள் நான்."

"ஒட்டும்போது எடுத்திருக்கலாமே?"

"உங்களுடையது. நான் எறிய முடியாது."

சும்மா இருந்திருக்கலாம், ஆனால் பதினைந்து வருடமாகக் கிடந்த கணக்கு வாயில் வந்துவிட்டது. "இடைவேளையில் மாற்றவில்லையே, ஹெர் மோசர்."

"ஆட்டம் முடியும்வரை மூடி திறக்கக்கூடாது. விதி. நானே எழுதியது."

ஏரியில் ஒரு கப்பல் கரைக்கு வந்து, ஆட்களை இறக்கி, திரும்பிப் போனது. அவர் தேசிக்காயைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"இரண்டாம் பாதியில் எத்தனை?" என்றார்.

"ஒன்பது."

ஹெர் மோசர் தேசிக்காயை மூடியின் மேல் மெதுவாக வைத்தார்.

"திறந்திருக்க வேண்டும்" என்றார்.